நூலகமும் நான்கு ஓடும்

ஆசிரியருக்கு,

எகிப்தின் பழம்பெரும் அலெக்சாந்திரியா நூலகம் ரோமானியத் தளபதி சீசர் வைத்த தீயில் ஒரே நாளில் அழிந்தது என்று முப்பது வருஷம் வகுப்பில் சொன்னவன் நான். பாதிதான் உண்மை. கி.மு. 48இல் தீ பிடித்தது மெய். ஆனால் அதற்கு நூறு ஆண்டு முன்பே, கி.மு. 145 வாக்கில், எகிப்து அரசன் எட்டாம் தாலமி அறிஞர்களை ஊரைவிட்டே துரத்திவிட்டான். நூலகத் தலைவர் அரிஸ்தார்க்கஸே சைப்ரசுக்கு ஓடினார். படிக்க ஆளில்லாத ஏடு எத்தனை நாள் தாங்கும்?

அந்த நூலகத்துக்கு ஏடு சேர்த்தவர்களின் வெறியும் லேசுப்பட்டதல்ல. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் உள்ள ஏட்டுச் சுருள்களைப் பிடுங்கி, படியெடுத்து, மூலத்தை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பித் தருவார்களாம். (நம்மிடம் இரவல் வாங்குகிறவர்கள் நகலும் தருவதில்லை.) நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் அங்கே நூலகராக இருந்தவர்.

எங்கள் பாட்டி, தாத்தாவின் வைத்தியச் சுவடிகளை ஓர் ஆடிப் பதினெட்டில் பாலாற்றில் விட்டுவிட்டாள். செல்லரித்துப் போச்சாம். இப்போது நான் போகும் நூலகத்தில் அகராதி அடுக்குக்கு நேர்மேலே ஓடு உடைந்திருக்கிறது. மழை வந்தால் பக்கெட் வைக்கிறோம். மூன்று மனு கொடுத்தாயிற்று. ஐப்பசிக்குள் நான்கு ஓடு மாற்றினால் போதும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம்