சங்கக்கடை மலிவாக ஓட வேண்டுமென்றால்: ஒரு திறந்த மடல்

மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கக் கிராமங்களில் கடை திறக்க யோசிக்கும் கூட்டுறவுச் சங்க நிருவாக சபையினருக்கு,

வணக்கம். கடை என்றதும் கட்டட வரைபடத்தைத்தான் முதலில் விரிக்கிறோம். தயவுசெய்து அதைச் சுருட்டி வைத்துவிட்டுக் கணக்கை எடுங்கள்.

சம்பளம், மின்சாரம், வாடகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 120,000 ரூபாய் என்று வைப்போம். விற்கும் நூறு ரூபாயில் 12 ரூபாய் மிஞ்சினால், செலவை ஈடுகட்ட மட்டும் மாதம் 10 இலட்சத்துக்கு விற்க வேண்டும். வீட்டுக்கு 5,000 ரூபாய்ப்படி 200 குடும்பம். அந்த அளவுக்கு வீடுகள் இல்லாத ஊரில் முழுநாள் கடை தாங்காது. மாலையில் மட்டும் திறவுங்கள்.

லாபத்தைத் தின்பது பெரும்பாலும் லொறிக்கூலி. 15,000 ரூபாய்க் கூலிக்கு 150,000 ரூபாய்ச் சாமான் ஏற்றினால் நூற்றுக்குப் பத்து வழியிலேயே போய்விடும். சங்கத்தின் நாலு கிளைக்கடைக்கும் சேர்த்து 600,000 ரூபாய்க்கு ஏற்றுங்கள். சுற்றுவழிக்கு 3,000 கூடினாலும் நூற்றுக்கு மூன்றுதான். அரிசியை ரவுணிலிருந்து ஏற்றவே வேண்டாம். பெரும்போக வெட்டு முடிந்ததும் ஊர் நெல்லையே வாங்கி, ஈரப்பதம் 14 வீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து, பக்கத்து ஆலையில் குற்றுங்கள். 100 கிலோ நெல்லுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி தேறும்.

250 வகைச் சாமான் போதும். ஒரே சவர்க்காரத்தில் ஆறு வகை வைத்தால் நாலு வகை தூசிதான் பிடிக்கும், உள்ளே உங்கள் முதல் முடங்கிக் கிடக்கும். மாதம் 10 இலட்சத்துக்கு விற்கும் சாமானின் கொள்விலை 880,000 ரூபாய்; அதில் பாதியான 440,000 ரூபாய்ச் சரக்கைக் கடையில் வைத்து, அது பதினைந்து நாளுக்கொருமுறை புரள வேண்டும். மாதத்துக்கு ஒருமுறைதான் புரளுமென்றால் இதே விற்பனைக்கு இரட்டிப்பு முதல் வேண்டும். அந்த வட்டியும் விலையில்தான் ஏறும்.

கடனே இல்லை என்று பலகை தொங்கவிட எங்கள் பக்கம் முடியாது. வயல் செய்பவருக்கு வெட்டுக்குப் பிறகுதான் காசு. வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் தொழிலே இல்லை. ஆனால் மொத்தக் கடன் சரக்கின் காற்பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 110,000 ரூபாய். அதற்கு மேல் போனால் அடுத்த லொறிக்குக் கட்டக் காசிராது, தட்டு வெறுமையாகும், கைக்காசோடு வருபவரும் வேறு கடைக்குப் போய்விடுவார். அரிசி, மா, சீனி, பருப்புக்கு மட்டும் கடன் கொடுங்கள். ஆளுக்கு எவ்வளவு என்பதை அவரது சேமிப்பைப் பார்த்து நிருவாக சபை தீர்மானிக்கட்டும். அந்தப் பாரத்தைக் கடையில் நிற்கும் பிள்ளையின் தலையில் போடாதீர்கள்.

கட்டடத்துக்கு இருபதுக்கு முப்பது அடி போதும், மூன்றிலொன்று களஞ்சியம். மேற்குச் சுவரில் யன்னல் வேண்டாம்; கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் தேங்காய் வெடிக்கும், பிஸ்கட் பதம் கெடும். மூட்டைகளை அரையடி உயர மரத்தட்டில், சுவரிலிருந்து ஒன்றரையடி தள்ளி அடுக்குங்கள். ஒட்டி வைத்தால் மாரியில் சுவரின் ஈரம் சாக்கில் ஏறும். சீனி கட்டியாகும், பருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். வெங்காயத்தைச் சாக்கோடு வைக்காமல் இடைவெளி விட்ட பெட்டியில் பரப்புங்கள். ஒன்று அழுகினால் அதன் நீர் இறங்கிக் கீழிருப்பதெல்லாம் போகும். கருவாடும் மண்ணெண்ணெயும் தேயிலைக்கு அருகில் வரவே கூடாது.

சீனியை நிறுக்கும்போது ஒரு கிலோப் பைக்கு 10 கிராம் கூடினால் 50 கிலோ மூட்டையில் அரைக் கிலோ காணாமல் போகும். முத்திரையிட்ட டிஜிட்டல் தராசும் முன்கூட்டியே நிறுத்துக் கட்டிய பைகளும் அதைத் தடுக்கும்.

கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், ஐம்பது வீடுகளுக்கு ஒவ்வொரு கொப்பி கொடுத்து, இரண்டு கிழமை வாங்கும் சாமானையும் விலையையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்து அந்த 250 வகையைத் தெரிந்தெடுத்த பிறகு, தட்டுகளின் நீளத்தைத் தச்சருக்குச் சொல்லலாம்.

இப்படிக்கு,
கிராமியக் கடை நடத்துநர்கள், திருகோணமலை