மரத்துக்கு மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை

காபி வாரியத் தலைவர் அவர்களுக்கும், தமிழ்நாட்டின் முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கும் வணக்கம்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்குக் காபி வாரிய அலுவலர் வந்தால் குனிந்து பார்க்கிறார். என்ன ரகம், ஏக்கருக்கு எத்தனை செடி, தண்டு துளைப்பான் வண்டு தொற்றியிருக்கிறதா, மறுநடவு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். வனத்துறை அலுவலர் வந்தால் அண்ணாந்து பார்க்கிறார். என்ன மரம், சுற்றளவு என்ன, புதிதாக வெட்டிய அடிக்கட்டை எங்காவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். இருவர் மீதும் எனக்குக் குறையில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள். ஆனால் மரத்திலிருந்து செடியின் மீது விழுகிற நிழல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கீழ்ப்பழனி மலையில் எங்கள் பிழைப்பு நடப்பது அந்த நிழலில்தான். வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருவதும் அதுதான்.

கொடைக்கானல் ஏரியோடு பழனி மலையை முடித்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாக மலையேறினால் பெரும்பாறை, தடியன்குடிசை, மங்களம்கொம்பு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று ஊர்கள் வரும். இன்னொரு பக்கம் ஆடலூர், பன்றிமலை, கே.சி.பட்டி, பாச்சலூர். எல்லாம் காபி ஊர்கள். பெரும்பாலும் அரபிகா வகைக் காபி, பெரும்பாலும் சில ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகள். நாட்டின் மொத்தக் காபியில் 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதம் அளவுதான். அதனாலேயே வாரியத்தின் தலைமையகம் இருக்கும் பெங்களூருவில் எங்கள் குரல் மெதுவாகக் கேட்கிறது என்பது என் சந்தேகம்.

இங்கே ஒரு நல்ல காபித் தோட்டம் மூன்று அடுக்காக இருக்கும். அடியில் காபி. அதற்கு மேல் கல்யாண முருங்கை. கம்பாக நட்டால் போதும், வேர்விட்டுச் சீக்கிரமே நிழல் தரும், மண்ணுக்கும் தழைச்சத்து சேர்க்கும். அதற்கும் மேலே பலா, அத்தி, நாவல், சந்தனவேம்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈட்டி. அடிமரங்களில் மிளகுக்கொடி. இடைவெளிகளில் மலைவாழை, ஆரஞ்சு, எலுமிச்சை. காபி விலை படுத்த வருடத்தில் மிளகு கைகொடுக்கும். மிளகும் வாடிய வருடத்தில் வாழைத்தார் சந்தைக்குப் போகும். புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி, சிறுமலை வாழைகள் இப்படித்தான் காபிக்கு நடுவே வளர்ந்தவை. முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழையைப் பெருமளவுக்கு அழித்தபோதும் குடும்பங்கள் தாக்குப்பிடித்தன என்றால், மற்ற அடுக்குகள் நின்றதுதான் காரணம்.

நிழல் ஏதோ இயற்கை ஆர்வலர்களின் ஆசை என்று இரண்டு அலுவலகங்களிலும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழைய சென்னை மாகாண அரசின் ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கலாம். 1860களில் குடகு, வயநாடு பகுதிகளின் காபித் தோட்டங்கள் துளைப்பானால் கொத்துக் கொத்தாகக் காய்ந்தன. காட்டை மொட்டையடித்து வெயிலில் காபி வைத்த காலம் அது. ஆராய்ந்து சொல்லும்படி மாகாண அரசு ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை அனுப்பியது. 1869இல் வெளியான அவருடைய அறிக்கை நிழலைத்தான் மருந்தாகச் சொன்னது. வெயில் படும் தண்டைத் தேடித்தான் வண்டு முட்டையிட வருகிறது என்பதை இன்று கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் உள்ள காபி ஆராய்ச்சி நிலையமும் சொல்கிறது. அதே 1869இல்தான் இலங்கையில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே காபி ஒழிந்து தேயிலை வந்தது; காபிக்காகக் கூட்டிச் செல்லப்பட்ட நம் மக்களின் சந்ததிகள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனார்கள். நிழல் இருந்திருந்தால் துருநோய் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. மலை முழுக்க ஒரே பயிரை வைத்தால் ஒரே நோயில் எல்லாம் போய்விடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

துளைப்பான் வந்த செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் இலை லேசாகப் பழுக்கும். தண்டைத் தடவினால் பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்ததுபோல ஒரு மேடு ஓடும். செடியைப் பிடித்து வளைத்தால் அந்த இடத்திலேயே மளுக்கென்று ஒடியும். உள்ளே புழு போன பாதை முழுக்க மரத்தூளை இறுக அடைத்து வைத்திருக்கும். அதற்குமேல் மருந்தில்லை. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபருக்குப் பிறகும் வண்டு பறக்கும். அதற்குள் தோட்டம் முழுக்க நடந்து செடி செடியாகத் தேடி முடிக்க வேண்டும். ஒரு பெரிய மரம் விழுந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள், பிடுங்கிய குழிகள் அங்கேதான் அதிகம்.

இவ்வளவு தெரிந்தும் விவசாயி ஏன் மரத்தைக் கைவிடுகிறார்? இந்த மடலின் விஷயமே இதுதான்.

எங்கள் மலைப்பகுதியில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பட்டா நிலமாக இருந்தாலும் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சட்டத்தின் நோக்கத்தில் எனக்குச் சண்டையில்லை. அது இல்லாதிருந்தால் இந்த மலை எப்போதோ வழுக்கையாகியிருக்கும். ஆனால் அந்தச் சட்டம் பெரிய மரத்தை மட்டும்தான் பார்க்கிறது. களை எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒருநாள் வந்து பாருங்கள். காற்றில் வந்து விழுந்த விதையிலிருந்து ஒரு சந்தனவேம்புக் கன்று முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். களைவெட்டும் பெண் நிமிர்ந்து, “இதை விடட்டுமா?” என்று கேட்பார். தோட்டக்காரர் ஒரு நொடி கணக்குப் போடுவார். விட்டால் முப்பது வருடத்தில் பெரிய மரமாகும். அன்றைக்கு மகளுக்குக் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்து வெட்ட நினைத்தால் மனு, தாலுகா அலுவலகம், அளவீடு, குழுக் கூட்டம், மறுபடியும் மனு. காய்ந்து விழும் நிலையில் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் மரத்துக்கே ஓர் அலுவலகம் என்னை மாதக்கணக்கில் அலைய விட்டது. “வெட்டிப்போடு” என்றுவிடுவார் தோட்டக்காரர். அரிவாள் ஒரு வீச்சு. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, எந்தக் கோப்பிலும் பதிவில்லை, ஒரு மரம் போய்விட்டது.

அந்த இடத்தில் அவர் சில்வர் ஓக் நடுவார். ஆஸ்திரேலிய மரம். நெட்டாக வளரும், மிளகு ஏற்றத் தோதான தண்டு, வாங்க வியாபாரி தேடி வருவார், நாமே நட்டதென்று காட்டுவதும் சுலபம். நான் சில்வர் ஓக்கைத் திட்டுகிற கட்சியில்லை. என் தோட்டத்திலும் நிற்கிறது. ஆனால் அதில் இருவாச்சி தின்னப் பழம் இல்லை. மலை அணில் கூடு கட்டத் தோதான அகன்ற கிளைகள் இல்லை. மலைத்தேனீ அடை வைக்க விரும்பும் பெருங்கொம்பு இல்லை. காபிப் பூவுக்குத் தேனீ வந்தால் காய்ப்பு கூடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடகிலும் இதே கதைதான்; நாட்டு மரம் போய் சில்வர் ஓக் வந்தது. காவிரியின் தலைமாடு அது என்பதால் தஞ்சாவூர்க்காரருக்கும் அதில் பங்குண்டு.

விடுகிற கன்றுக்குப் பலன் சந்தையிலாவது கிடைக்கிறதா? இல்லை. பழம் பறித்து, பல்பர் இயந்திரத்தில் தோலுரித்து, களத்தில் உலர்த்தி, பார்ச்மென்டாக (உள்தோல் நீக்காத கொட்டையாக) மூட்டை கட்டிப் பட்டிவீரன்பட்டிக்கோ வத்தலக்குண்டுக்கோ கொண்டுபோகிறோம். எங்களுக்குப் பழம் பழுப்பதே வடகிழக்குப் பருவமழையில். களத்தில் பரப்பி வைத்ததைப் பகலில் நான்கு முறை தார்ப்பாய் போட்டு மூடித் திறக்கும் வேலை கர்நாடகக்காரருக்கு எங்கள் அளவுக்குக் கிடையாது. வியாபாரி ஈரப்பதம் பார்க்கிறார், அவுட்டர்ன் (உள்தோல் நீக்கினால் எவ்வளவு கொட்டை தேறும் என்று) பார்க்கிறார், கொட்டையின் அளவு பார்க்கிறார். எந்த மரத்தடியில் விளைந்தது என்று யாரும் கேட்டதில்லை. அத்திமர நிழல் காபியும் வெயில் காபியும் ஒரே குவியலில் கலந்து ஒரே விலைக்குப் போகின்றன. வெளிநாட்டில் தரும் பறவை நேயச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. 40 சதவீத மரக்கவிகை (மேலே மரக்கிளைகள் மூடும் பரப்பு) வேண்டும், பல இன மரங்கள் வேண்டும், இயற்கை வேளாண்மைச் சான்றும் வேண்டும். எங்கள் பழைய தோட்டங்கள் பலவற்றுக்கு முதல் இரண்டும் பிறவியிலேயே உண்டு. ஆனால் மூன்று ஏக்கர்க்காரர் தனியாகச் சான்றிதழ் வாங்கினால் கட்டணமும் காகிதமும் லாபத்தைத் தின்றுவிடும்.

2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அரபிகா விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. நல்லதுதானே என்பீர்கள். விலை ஏறினால் ‘கொஞ்சம் வெளிச்சம் விடலாம், காய்ப்பு கூடும்’ என்று கிளைக்குப் பதில் மரமே போகிறது. விலை இறங்கினால் காபியையே எடுத்துவிட்டுச் சௌசௌப் பந்தல் போடுகிறார்கள், இல்லையென்றால் பட்டர் புரூட் வைக்கிறார்கள். பந்தலுக்கு நிழல் ஆகாது. மழைக்காலத்தில் அந்தச் சரிவிலிருந்து செம்மண் கரைந்து ஓடையில் போவதைப் பார்க்கலாம். மூன்றாவது வழி, நிலத்தை விடுதி கட்டுகிறவருக்கு விற்பது. இந்த மூன்றும் எங்கள் தெருவிலேயே நடக்கின்றன. செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போதாக்குறைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்கக் கூடாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இருப்பிடக் குறியீடு தர வேண்டும். அமலாகும் நாளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் வரத்தான் போகிறது. இதில் உள்ள வேடிக்கை இதுதான்: செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் அடர் நிழல் காபித் தோட்டமும் காடும் ஒன்றுபோலத் தெரியும். மரம் வளர்த்தவர் ‘இது காடல்ல, என் தோட்டம்’ என்று மெய்ப்பிக்க வேண்டும். எப்போதோ மொட்டையடித்தவருக்கு அந்தத் தொல்லையே இல்லை.

கீழே இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கமும், அய்யம்பாளையத்து மருதாநதி அணையும் இந்தச் சரிவுகளின் ஓடைகளால்தான் நிரம்புகின்றன. மழை மரத்தில் விழுந்து, சருகில் இறங்கி, மண்ணில் ஊறி, மெதுவாகக் கீழே வருகிறது. அதற்காக மலையில் யாருக்கும் யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை; கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறேன்.

வனத்துறைக்கு முதலில். சொந்த நிலத்தில் இன்று முளைத்து நிற்கும் நாட்டு மரக் கன்றுகளை விவசாயி பெயரிலேயே ஒரு நிழல் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதிவான மரம் முற்றிய பிறகு, பதிலுக்கு வளர்ந்து நிற்கும் மரங்களைக் காட்டினால், குறித்த நாளுக்குள் அனுமதி என்று எழுத்தில் கொடுங்கள். ஏற்கெனவே நிற்கும் பெருமரங்களுக்கு இன்றைய சட்டமே இருக்கட்டும். அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடு, மரப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்தப் பார்க்கிறது. சாலையோரத்தில் குழி தோண்டி, வேலி கட்டி, தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செலவில் ஒரு பகுதி போதும், இங்கே தானாக முளைப்பதை அரிவாளிடமிருந்து காப்பாற்றலாம்.

காபி வாரியத்துக்கு. உங்கள் மறுநடவு உதவித்தொகையில் மேல்நிழலையும் ஒரு கணக்காகச் சேருங்கள். நாற்றங்காலில் காபி நாற்றோடு அத்தியும் நாவலும் சந்தனவேம்பும் கொடுங்கள். ஐரோப்பாவுக்காகத் தோட்டம் தோட்டமாக இருப்பிடம் குறிக்கப் போகிறீர்கள். அதே நடையில் மரக்கவிகையையும் அளந்து, அந்த அளவோடு தனிக் குவியலாக விற்க ஊர்க் குழுக்களுக்கு வழிசெய்யுங்கள். சான்றிதழ்க் கட்டணத்தைக் குழுவுக்கு நீங்கள் ஏற்றால் போதும், காகித வேலையை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, நிழல் காபிக்குக் கூடுதல் விலை கிடைக்கும்போது, பழம் பறிக்கும் பெண்களுக்கும் மரமேறிக் கிளை கழிக்கும் பளியர் பழங்குடி இளைஞர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் நல்லெண்ணத்தை நம்பி விடாதீர்கள்.

தாண்டிக்குடியில் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் இருக்கிறது. கூட்டம் போட இடத்துக்குப் பஞ்சமில்லை. காபியைப் பூக்க வைக்கும் பூமழை பெய்து, வண்டு பறக்கத் தொடங்கும் ஏப்ரலில் இரண்டு துறையினரும் ஒரே ஜீப்பில் வாருங்கள். பட்டா நகல்களோடும், விட்டுவைத்த கன்றுகளின் கணக்கோடும் நாங்கள் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலையின் சிறு காபி விவசாயி ஒருவர்