நல்ல பாய்க்கு நல்ல படம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை நெய்கிறவர்கள் இணையத்தில் போடும் படங்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ராத்திரி டியூப் லைட்டில் ஃபிளாஷ் அடித்து எடுப்பதால், கோரையின் மினுக்கம் வெள்ளைத் திட்டாகிறது; சாயத்தின் சிவப்பும் வெளுத்துப்போகிறது. காலை 8 மணி வாக்கில் திண்ணை நிழலில் பாயை விரித்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். முழுப் பாய் ஒன்று, ஓரத் தையல் ஒன்று, பாவு நூலை (நீளவாட்டில் ஓடும் நூல்) எண்ணும்படி நெருக்கத்தில் ஒன்று. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் நெசவின் நுணுக்கம் சொல்லாமலே விளங்கும்.

படத்தோடு நீள அகலம், விலை, கூரியர் செலவு மூன்றையும் எழுதுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ்’ என்றால் பலர் கேட்காமலே போய்விடுவார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் (பொருள் பட்டியல்) இலவசம். அங்கேயே எல்லாவற்றையும் அடுக்கலாம். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பை அழுத்தினால் திறக்காது, பயோவில்தான் (பக்கத்தின் மேலே உள்ள அறிமுகக் குறிப்பு) வைக்க வேண்டும். அழுத்தினால் உங்களோடு நேரே பேச வைக்கும் வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் நாட்டுக் குறியீடான 91 போதும்; 0 சேர்த்தால் தவறாகிவிடும்.

மாவட்டத் தொழில் மையம் இதைப் பத்தமடையிலும், மண்பாண்டம் செய்யும் காருக்குறிச்சியிலும், நெசவு முடிந்த மாலை நேரத்தில், அவரவர் கைப்பேசியிலேயே செய்துகாட்டிப் பழக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சேரன்மகாதேவி