முதியோர் இல்லப் பராமரிப்புச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் இல்லத்தில் கொடியேற்றினோம். அக்டோபர் 1 அன்று உலக முதியோர் தினம் கொண்டாடினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கலுக்கு எல்லோருக்கும் புதுத்துணி கொடுத்தோம். மொட்டைமாடியில் ஒழுகிய இடம் சரிசெய்யப்பட்டது. இந்த ஆண்டு இல்லத்தில் காலமான பெரியவர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

இரவுப் பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது இரவுப் பணியாளர் எதற்கு, வீண் செலவுதானே என்று குழுவிலேயே கேட்டார்கள். பொதுக்குழுவுக்கும் பதில் தெரிய வேண்டும்.

இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பகலில்தான் வருகிறார்கள். தரை துடைத்திருக்கும், பெரியவர்கள் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருப்பார்கள். கஷ்டமெல்லாம் விளக்கணைத்த பிறகுதான். பக்கவாதத்தில் படுத்தபடுக்கையாக இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் முதுகின் அடிப்பக்கம், இடுப்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் புண்ணாகும். ஆழமாகிவிட்ட படுக்கைப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

கீழே விழுவதும் இப்படித்தான். நீர் பிரியும் மாத்திரையை ராத்திரியில் கொடுத்தால் நடுச்சாமத்தில் கழிவறைக்கு எழுந்திருக்கிறார்கள். கூடவே தூக்க மாத்திரையும் போட்டிருந்தால் தள்ளாட்டம். இருட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லையென்றால் இடுப்பெலும்பு முறிய அதிக நேரம் ஆகாது. டயாபரைக் காலை வரை மாற்றாமல் விடுவது, எழுந்து நடக்கிறார் என்று கட்டிலோடு கட்டிப்போடுவது எல்லாம் ஆள் பற்றாத இடத்தில்தான் பழக்கமாகின்றன. நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது, கூப்பிட்டால் வர ஆள் வேண்டும்.

அதனால்தான் இரண்டாவது ஆள் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஆள் வந்ததும் ஒவ்வொரு படுக்கையிலும் அட்டவணை மாட்டினோம். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவரிடம் எல்லோருடைய மாத்திரைச் சீட்டையும் காட்டி, நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொல்லி வாங்கினோம். கழிவறைப் பாதையில் சின்ன விளக்கும் கைப்பிடிக் கம்பியும் போட்டோம். ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கு, காலை டிபன் எட்டு மணிக்கு என்பது சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஆபத்தான இடைவெளி. விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும். இப்போது படுக்கும் முன் அவர்களுக்குப் பாலோ கஞ்சியோ கொடுக்கிறோம். அட்டவணை வந்த பிறகு இல்லத்தில் புதிதாக யாருக்கும் படுக்கைப் புண் வரவில்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து புண்ணோடு திரும்பிய பாட்டியம்மாவுக்கும் ஆறிவிட்டது. இந்தச் செலவை நான் எங்கே வேண்டுமானாலும் நியாயப்படுத்துவேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், நன்கொடை குறையவில்லை, ஆனால் பெரும்பகுதி சாப்பாட்டுக்கு என்று குறிப்பிட்டு வருகிறது. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று சில வாரங்களில் நாள் தவறாமல் பாயசம். கொடுப்பவர்களின் மனதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணத்திலிருந்து ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அதற்குச் சந்தாதான் வழி, அந்தச் சந்தாவோ பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினோம், நேரிலும் போய்க் கேட்டோம். அப்புறம், முறை போட்டு மாதம் ஒருமுறையாவது இரவில் இல்லத்துக்கு வந்து பார்ப்பதாகப் போன பொதுக்குழுவில் கைதூக்கியவர்களில் வந்தவர்கள் மிகச் சிலரே. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

சில குடும்பங்கள் சேர்க்கும்போது ஒத்துக்கொண்ட மாதத் தொகையை நிறுத்திவிட்டன. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் பிள்ளைகள் மேல் மனு கொடுக்கலாம். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த அமைப்பே கொடுக்கலாம். ஆனால் "என் பிள்ளை மேல மனுவா?" என்று அவர்களே தடுத்துவிடுகிறார்கள். அவர்கள் விருப்பத்தை மீற மாட்டோம். மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567ஐ வரவேற்பறையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் மேலேயே புகார் இருந்தாலும் தயங்காமல் அந்த எண்ணில் சொல்லலாம்.

கட்டணம் வாங்காமல் வரும் மருத்துவருக்கும், தணிக்கையாளருக்கும், பால் பாக்கியைப் பொறுத்துக்கொண்ட கடைக்காரருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம் ஆயாக்களுக்கும் சமையல் அம்மாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். இப்போதுள்ள வரவில் இரண்டாவது இரவுப் பணியாளரை தீபாவளி வரைதான் வைத்துக்கொள்ள முடியும். சந்தா பாக்கி வந்தால் ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு வாரத்து இரவுச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால், அவர்கள் பெயரைப் பலகையில் அதே மரியாதையோடு எழுதுவோம். ரசீதுப் புத்தகம் இன்று பொருளாளரின் மேஜையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர் கிளம்ப மாட்டார்.

இப்படிக்கு,
செயலாளர்