நூல் கட்டிய பேனா

ஒட்டுசுட்டான்
மார்கழி 12

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று கதைகளும் கிடைத்தன. தம்பி டவுனில் பிரிண்ட் எடுத்து வந்து தந்தான். போனில் வாசித்தால் எனக்குக் கண் வலிக்கும். இங்கே நாலு நாளாய் மழை. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பிவிட்டது, வயலில் இறங்க வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் அந்த அயர்லாந்துப் பொடியனின் கதை. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதி 1914இல் புத்தகமாய் வந்தது என்று மேலே குறித்திருந்தாய். அப்போது அயர்லாந்தும் எங்களைப் போல இங்கிலாந்துக்காரனுக்குக் கீழேதான். வெள்ளைக்காரனையே வெள்ளைக்காரன் ஆண்டான் என்று வாத்தியார் சொன்னபோது சின்ன வயதில் நான் நம்பவில்லை. கூட்டாளியின் அக்காவுக்கு ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, சந்தைக்குப் போகக் காசுக்காகக் காத்திருக்கிறான் பொடியன். மாமா மறந்துபோய் இரவு ஒன்பது மணிக்கு வருகிறார். இவன் போய்ச் சேர, கடைகள் அநேகமாய்ப் பூட்டியாயிற்று. திறந்திருந்த ஒரு கடையில் ஒருத்தி இரண்டு ஆண்களோடு சிரித்துக் கதைக்கிறாள். அவர்களின் பேச்சு இங்கிலாந்துப் பேச்சு. இவனிடம் ஏதும் வேண்டுமா என்று கடமைக்குக் கேட்கிறாள். வேண்டாம் என்கிறான். அவ்வளவுதான்.

நீ பொடியனைப் பற்றி ஒரு பக்கம் குறிப்பு எழுதியிருக்கிறாய். எனக்கோ அந்த மாமாவைத்தான் விட மனமில்லை. குடித்துவிட்டு வந்தார், சரி. மறந்துபோனேன் என்று வருத்தம் சொன்னாரே, காசும் தந்தாரே. அந்தப் பிள்ளை எதற்காக அன்று முழுக்கக் காத்திருந்தது என்று அவருக்குக் கடைசிவரைக்கும் தெரிந்திராது.

மற்றக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்டிகுவாவில் பிறந்த ஜமேக்கா கின்கெய்ட் 1978இல் எழுதியது. அந்தத் தீவு சுதந்திரம் அடைந்தது 1981இல்தானாம். கதை முழுக்க ஒரு தாய் மகளுக்குச் சொல்லுகிற புத்திமதி: உடுப்பு எப்படித் தோய்ப்பது, பொத்தான் எப்படித் தைப்பது, நாலு பேர் முன்னால் எப்படி நடப்பது. வெண்டியை வீட்டுக்குத் தள்ளி நட வேணும், சிவப்பெறும்பு சேரும் என்ற இடத்தில் அம்மா, "அது மெய்தானே" என்றாள். அந்த மகள் முழுக்கதையிலும் இரண்டே தரம்தான் வாய் திறக்கிறாள் என்று சொன்னேன். "எங்கட பிள்ளையெண்டா இருபது தரம் திறந்திருப்பாள்" என்றுவிட்டு அரிசி புடைக்கப் போனாள். கொஞ்சநேரத்தில் சுளகோடு திரும்பி வந்து, "நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டே இருந்தனானோ?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த தரம் கதைக்கும்போது நீயே சொல்லு.

இனி உன் கதை.

நன்றாக எழுதியிருக்கிறாய். மாத்தளன் மணல், தறப்பாள் சூடு எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் 2009 சண்டையில் அந்தப் பங்கருக்குள் கதையில் வரும் சிறுமியின் பிள்ளைப்பருவம் முடிந்துபோனது என்று முடித்திருக்கிறாயே, அது எனக்கு ஒத்துவரவில்லை. உனக்கு அப்போது பத்து வயது. வெளியே ஷெல் விழுகிறது, நீ தம்பியோடு கொக்கான் வெட்டிக்கொண்டிருந்தாய். அந்த மணலில் கல் ஏது? ஐந்து சிப்பி வைத்திருந்தாய். அவன் கள்ளாட்டம் ஆடுகிறான் என்று நீ போட்ட கத்தலில் பக்கத்துப் பங்கர்க் கிழவி ஏசினாள். செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோதும் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டவள் நீ. ஷெல் விழுந்த இடத்தில் பிள்ளை பெரிய மனுசியாகிவிடும் என்பது வெளியூரில் வாசிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும். நான் கண்டது வேறு.

கற்சிலைமடுக் கல் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஏழு வயது, சைக்கிள் பாரில் இருந்தாய். கல்லுக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். என்ன எழுதியிருக்கு என்று கேட்டாய். எனக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டத்தான் தெரியும், பொருள் பிடிபடாது. அப்பனல்லவா, விட முடியுமா? "வன்னி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரனை வென்ற இடம்" என்று வாசித்துவிட்டேன். அடுத்த கிழமை உன் ரீச்சர் சரியாகச் சொல்லித் தந்துவிட்டா: 1803 ஒக்டோபர் 31இல் வொன் டிரிபேர்க் என்ற கப்டன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடமாம். வென்றவன் தன் பெருமைக்கு வைத்த கல்லுக்கு நாங்கள் தோற்றவனுக்காக மாலை போட்டுக்கொண்டிருந்தோம். நீ அதையெல்லாம் யோசிக்கவில்லை. "அப்பா பொய் வாசிச்சவர்!" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். சங்கக் கடையில்கூட என்னைக் கேலி செய்தார்கள்.

2012இல் உன்னுடைய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மூலப்பிரதி இடப்பெயர்வில் எங்கோ மண்ணுக்குள் போய்விட்டது. தந்த படிவம் சிங்களத்தில் இருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதினார்கள். அந்த எழுத்து அன்று அந்த யன்னலுக்கு வந்து சேரவில்லை. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்றார் உள்ளே இருந்தவர், தலையை நிமிர்த்தாமல். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்றுகூட இப்போது சந்தேகம்.

நீ ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து எடுத்தாய். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழிக்குப் படித்த சிங்களம். யன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்த பேனா படிவம்வரை எட்டவில்லை. கம்பியோடு ஒட்டி நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டி நிரப்பினாய். பிறகு ஒரு கோட்டில் விரலை வைத்து, "இதில அப்பா" என்றாய். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் முகத்தைப் பார்த்தாய். நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன், மகள். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா, "எப்பிடி, கரைச்சல் இல்லாமல் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்பா எல்லாத்தையும் நிரப்பிக் குடுத்திட்டார்" என்று சொன்னாய். நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றேன்; நீ என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு நீ வெளியில் என்னைப் பகிடி பண்ணி நான் கேட்கவில்லை.

அதை எழுதேன். என்னைப் பற்றியது என்று தயங்காதே. அம்மாவுக்கு நேற்றுத்தான் உண்மையைச் சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும் என்கிறாள். அவளுக்கு எல்லாம் அப்பவே தெரியும்.

ஒன்று மட்டும் கேட்க வேணும். பேனாவைக் கட்டியிருந்த நூல் என்ன நிறம்? எனக்கு நீலம் என்று ஞாபகம். அம்மா பச்சை என்று நிற்கிறாள், அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

அன்புடன்,
அப்பா