‘ஷேக்’ என்று தட்டச்சும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் உலகச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கும், பிழை திருத்துவோருக்கும், வசன வரி எழுதுவோருக்கும் வணக்கம்.

அரபியிலிருந்து தமிழாக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். வெள்ளை அங்கி, தலையில் கறுப்பு வளையம், பின்னணியில் எண்ணெய்க் கிணறு. ‘ஷேக்’ என்றதும் நம் மனத்தில் எழும் படம் இதுதான். அந்த அங்கியை வளைகுடாவில் அலுவலக எழுத்தரும் உடுத்துகிறார், கல்லூரி மாணவனும் உடுத்துகிறான். உடையைப் பார்த்து ‘ஷேக்’ போடுவது, வேட்டி கட்டியவரையெல்லாம் ஜமீன்தார் என்பதைப் போன்றது.

நாம் ‘ஷேக்’ என்பது அரபியில் ‘ஷெய்க்’. சொல்லின் அடிப்படைப் பொருள் முதியவர். குர்ஆனில் இச்சொல் நான்கு இடங்களில் வருகிறது (11:72, 12:78, 28:23, 40:67). நான்கிலும் முதுமைதான் பொருள். பதவியோ பட்டமோ இல்லை. முதியவர் குலத்துக்குத் தலைவரானார், பிறகு ஊருக்கு, பிறகு பாடசாலைக்கு. நம் ‘கிழவன்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்த சொல்: பழந்தமிழில் உரிமையுடையவன், தலைவன், இன்று வெறும் வயதானவன். ‘ஷெய்க்’குக்குக் கூடுதல் நெருக்கமான தமிழ்ச் சொல் ‘மூப்பன்’. மலையூர்த் தலைவரையும் தேவாலய மூப்பரையும் ஒரே வேரால் அழைக்கிறோம் அல்லவா, அந்த வகை.

மரியாதை எப்போதும் உண்டு என்றும் நினைக்க வேண்டாம். நபிக்கு எதிராக மக்காவின் குறைஷிக் குலத்தார் சதி செய்த கூட்டத்துக்குச் சைத்தானாகிய இப்லீஸ், நடு அரேபியாவின் நஜ்து நாட்டு முதியவர் வேடத்தில் வந்ததாக நபி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதனால் ‘நஜ்து ஷெய்க்’ என்றால் சைத்தான். ஹதீஸ் (நபிமொழி) அறிவிப்பாளர்களைத் தரம் பிரித்த இப்னு அபீ ஹாதிம் (இறப்பு 938) ஒருவரை ‘ஷெய்க்’ என்று மட்டும் குறித்தால் அது மூன்றாம் தரம். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் சோதித்த பிறகே ஏற்கலாம். அந்த நூலைத் தமிழாக்குபவர் அங்கே ‘பெரியார்’ என்று எழுதினால், மங்கலான பாராட்டு மாலை மரியாதையாகிவிடும்.

உங்களுக்கு அன்றாடம் தொல்லை தருவது நாட்டுக்கு நாடு மாறும் வழக்கு. குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் ஆளும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ‘ஷெய்க்’ உண்டு. எல்லை தாண்டிச் சவுதிக்குள் போனால் அரச குடும்பத்தார் ‘அமீர்’, அதாவது இளவரசர். அங்கே ‘ஷெய்க்’ என்றால் மார்க்க அறிஞர், குலத் தலைவர், அல்லது உபசாரத்துக்காக அப்படி அழைக்கப்படும் பெரிய வணிகர். ஆகவே ‘சவுதி இளவரசர் ஷேக் இன்னார்’ என்று எழுதினால் இரண்டில் ஒன்று பிழை. ஓமானில் ஆளும் குடும்பத்தின் பட்டம் ‘சையித்’. பிற இடங்களில் நபியின் வழித்தோன்றலைக் குறிக்கும் அதே சொல், இன்றைய அரபியில் வெறும் ‘திரு’வாகவும் புழங்குகிறது, அதன் சிக்கலுக்குத் தனி மடலே எழுதலாம். அமீரகமாக இருந்த பஹ்ரைன் 2002-இல் மன்னராட்சி நாடானது. அன்றுமுதல் அதன் ஆட்சியாளர் ஹமத் ‘மன்னர்’. ‘மன்னர் ஷேக் ஹமத்’ என்பது இரட்டைப் பட்டம்.

லெபனானுக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ‘ஷெய்க்’ கிறிஸ்தவராகவும் இருக்கலாம். அல்-காஸின், ஜெமாயெல் போன்ற மரோனியக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது பழைய நிலவுடைமைப் பட்டம். 1982-இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்கும் முன்பே கொல்லப்பட்ட பஷீர் ஜெமாயெல் தம் ஆதரவாளர்களுக்கு ‘ஷெய்க் பஷீர்’. துரூஸ் என்ற தனிச் சமயச் சமூகத்தின் தலைவர் ‘ஷெய்க் அல்-அக்ல்’. ஷியா மதகுருக்களிடையே தலைப்பாகையே சொல்லிவிடும்: நபியின் வழிவந்தவருக்குக் கறுப்பு, அவர் சையித், மற்றவருக்கு வெள்ளை, அவர் ஷெய்க். ஹிஸ்புல்லாவின் ஹசன் நஸ்ருல்லா சையித். அவருக்குப் பின் 2024-இல் பொறுப்பேற்ற நயீம் காசிம் ஷெய்க். இருவருக்கும் ஒரே பட்டத்தைப் போட்டால் படமே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

சூஃபி வழியில் ஷெய்க் என்றால் குரு, முரீதுக்கு, அதாவது சீடருக்கு, வழிகாட்டுபவர். இது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. இலங்கையில் மௌலவிகளின் பெயர் முன் ‘அஷ்ஷெய்க்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் ‘மௌலவி’யோ ‘ஹஜ்ரத்’தோ வரும். ‘அஷ்ஷெய்க்’ எழுத்துப் பிழை இல்லை. ‘ஷ’ ஒலிக்கு முன் அரபிச் சுட்டான ‘அல்’ தன் லகரத்தை இழந்து அந்த ஒலியையே இரட்டிக்கும். தயவுசெய்து அதை ‘அல் ஷேக்’ என்று ‘திருத்த’ வேண்டாம்.

தெற்காசியாவில் கதை வேறு. இங்கே அது பெரும்பாலும் பெயரின் பகுதி. வங்கதேசத்தின் ஷேக் ஹசீனாவுக்கு அது தந்தை ஷேக் முஜிபுர் ரஹ்மானிடமிருந்து வந்த பெயர். பட்டமாக இருந்தால் ‘ஷெய்கா’ என்று பெண்பாலில் வரவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அரபு ஊடகங்கள் அவரை ‘அஷ்ஷெய்கா ஹசீனா’ என்றே எழுதுகின்றன. நாம் பட்டத்தைப் பெயராக்குகிறோம், அவர்கள் பெயரைப் பட்டமாக்குகிறார்கள். இடலாக்குடிச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பெயரில் உள்ள ‘செய்கு’வும், மேற்கு ஆப்பிரிக்காவின் ‘செக்கூ’வும், செனகல் அறிஞர் ஷேக் அந்தா தியோப்பின் முதற்பெயரும் இதே சொல்தான்.

‘ஷெய்கா’வை ‘இளவரசி’ என்று மொழிபெயர்ப்பது கத்தாருக்குப் பொருந்தலாம், மொரோக்கோ, அல்ஜீரியா அடங்கிய மக்ரிபுக்குப் பொருந்தவே பொருந்தாது. மொரோக்கோவில் ‘ஷீகா’ என்றால் அய்தா என்ற நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி ஆடும் பெண் கலைஞர். ரசிக்கிற ஊரே ஒரு கண்ணால் இளப்பமாகவும் பார்க்கும் தொழில். அல்ஜீரியாவின் ராய் என்ற மக்கள் இசையில் மூத்த பாடகர் ‘ஷெய்க்’ அல்லது ‘ஷெய்கா’. அவர்களுக்குப் பின் வந்த தலைமுறை தன்னை ‘ஷெப்’, அதாவது இளைஞன் என்று சொல்லிக்கொண்டது. ஷெய்கா ரிமித்தி (1923–2006), ஷெப் காலித் ஆகியோரின் பெயர்களில் நிற்பது மூப்பும் இளமையும்தான்; அரச வம்சம் இல்லை.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்புவோர் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ‘மஜ்லிஸ் அஷ்ஷுயூக்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘ஷெய்குகளின் அவை’. உண்மையில் அது செனட். இலத்தீனிலும் செனட் என்பது முதியோர் அவைதான். எகிப்தில் 2019 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் மீண்டும் உருவான மேலவைக்கு இதுவே பெயர்: 300 பேர், அவர்களில் 100 பேர் அதிபரின் நியமனம். அமெரிக்க செனட்டுக்கும் அரபியில் இதே பெயர்தான்.

திரைப்பட வசனத்தில் வரும் ‘யா ஷெய்க்!’ பெரும்பாலும் யாரையும் விளிப்பதே இல்லை. நம்பாத தொனியில் சொன்னால் ‘அட, நிஜமாவா?’, சலிப்பில் சொன்னால் ‘அட போப்பா!’. பேசுபவர் டாக்சி ஓட்டுநர், கேட்பவர் பள்ளித் தோழன் என்றால் ‘ஓ, ஷேக்!’ என்ற வரி திரையில் அபத்தமாக நிற்கும்.

இனி நடைமுறைக்கு. செய்தி கையில் வந்ததும் முதலில் நாட்டைப் பாருங்கள்; பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அடுத்து, அரபி மூலம் கிடைத்தால் சொல்லின் முன் ‘அல்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பட்டம், இல்லையென்றால் பெரும்பாலும் பெயர் (ஹசீனா போன்ற விதிவிலக்கை நினைவில் வைத்து). பட்டம் என்று உறுதியானால் ‘ஷெய்க்’ என்றும், பெயரென்றால் அவரவர் எழுதும்படி ‘ஷேக்’, ‘செய்கு’ என்றும் எழுதலாம் என்பது எங்கள் பரிந்துரை. பேச்சரபியில் பல இடங்களில் ‘ஷேக்’ என்றே ஒலிப்பதால் அது பிழையில்லை. இரண்டையும் கண்ணால் பிரித்துக் காட்டவே இந்த ஏற்பாடு. பதவிப் பெயர் வந்துவிட்டால் பட்டத்தை விடலாம்: ‘கத்தார் அமீர் தமீம்’ போதும் (சவுதியில் இளவரசரைக் குறிக்கும் ‘அமீர்’, இங்கே ஆட்சித் தலைவர்). இரண்டாம் முறை குறிப்பிடும்போது குடும்பப் பெயரைப் பிடிக்காதீர்கள். ‘தானி கூறினார்’ என்றால் கத்தாரை ஆளும் ஆல் தானி குடும்பத்தில் எந்தத் தானி?

அதே குடும்பப் பெயரில் இன்னொரு கண்ணி. ஆல் தானி, ஆல் நஹ்யான், ஆல் மக்தூம், ஆல் கலீஃபா ஆகியவற்றில் வருவது நெடிலான ‘ஆல்’; பொருள் ‘குடும்பத்தார்’. சுட்டான குறில் ‘அல்’ வேறு. சவுதியின் தலைமை முஃப்திகளை (மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தலைமை அறிஞர்களை) தந்த ‘ஆல் அஷ்ஷெய்க்’ குடும்பப் பெயரில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாப் என்ற மார்க்க அறிஞரான அந்த ஷெய்கின் வழிவந்தவர்கள் என்று பொருள். ஆங்கில எழுத்தில் ஒன்றுபோலத் தெரிவதால்தான் நாமும் ஒன்றாக எழுதிவிடுகிறோம். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் தனி எழுத்து இருக்கிறது. உங்கள் நடைக் கையேட்டின் அடுத்த பதிப்பில் இந்த ஐந்து குடும்பப் பெயர்களையாவது நெடிலோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அரபு–தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்