இருபது கேஜ் துப்பாக்கியை விற்குமுன்

அன்புள்ள குமரன்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. நீ செய்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் 42 அங்குலக் குழல், புலிவரி ஓடும் மேப்பிள் கட்டை, பித்தளைப் பூண்கள், எல்லாம் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் நீ எழுதி அனுப்பிய விற்பனைக் குறிப்பில் ‘அழகான’ என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது, குழலின் உள்விட்டம் ஓரிடத்திலும் இல்லை. குழலின் வாய் வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடுகிறவர்களிடம் இது செல்லாது. அவர்களில் பாதிப்பேர் தாங்களே கட்டை செதுக்கியவர்கள். எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் அழகைப் பார்ப்பார்கள்.

‘20 கேஜ்’ என்று மட்டும் போடாதே. ஒரு பவுண்டு ஈயத்தை 20 சம உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் 0.615 அங்குலம், அதுதான் 20 கேஜ். ஆனால் குழல் செய்கிறவர்களுக்குள் சில ஆயிரத்தில் ஒரு பங்கு முன்பின் இருக்கும், அதனால் குண்டும் அதைச் சுற்றிக் கெட்டிக்கும் துணியும் மாறும். குழல் வாயில் விட்டம் அளக்கும் காலிப்பர் வைத்து அளந்து அந்த எண்ணைப் போடு. எந்தக் குண்டு, எவ்வளவு தடிமனான துணி என்பதையும் சேர். 0.600 குண்டுக்கு 0.010 துணி, 0.595 குண்டுக்கு 0.015 துணி என்பதுபோல நீ சுட்டுப் பார்த்த ஜோடியையே எழுது. 0.600 குண்டு சுமார் 325 கிரெயின் எடை வரும். வாய்க்குச் சற்று உள்ளே விட்டத்தைப் பெரிதாக்கி, வாயில் பழைய அளவையே விட்டிருந்தால், அதாவது ஜக் சோக் செய்திருந்தால், முதல் வரியிலேயே சொல்லிவிடு. ரவை, அதாவது பொடி ஈயக் குண்டுகள், சுடுகிறவருக்கு அது வேண்டும். பழைய பாணியை அப்படியே வைத்துக்கொள்ள நினைப்பவர் அதனாலேயே விலகிவிடுவார்.

சுட்ட தாள்களைப் படமெடுத்து அனுப்பு. குண்டுக்கு 25 கஜத்திலும் 50 கஜத்திலும் ஐந்தைந்து வெடி. ரவைக்கு 25 கஜத்தில் 30 அங்குல வட்டம், ஒரு அவுன்ஸ் 6ஆம் எண் ரவை. ரவையை அளக்கும் குவளையாலேயே மருந்தையும் அளந்து போடுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து கூட்டிக் குறைத்திருந்தால் எழுது. நீ அனுப்பிய ரவைத் தாளில் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதே, அது குழலின் குற்றமாக எனக்குப் படவில்லை. மருந்துக்கும் ரவைக்கும் நடுவே நீ வைத்த அரை அங்குல மெத்தை அட்டை எண்ணெயில் ஊறிக் கனத்திருக்கும். வெளியே வந்ததும் அது ரவையை ஊடுருவிச் சிதறடிக்கும். எண்ணெயைக் குறைத்தோ அட்டையைப் பாதியாகப் பிளந்தோ மறுபடி சுட்டுப் பார். அந்தத் தாளோடு விற்காதே.

அடுத்தது பற்றுவாய், குழலுக்குள் நெருப்பு போகும் துளை. இந்தத் துப்பாக்கியின் உயிர் அங்கேதான் இருக்கிறது, வாங்குகிறவர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். துளை 1/16 அங்குலத்திலிருந்து 5/64 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இரும்பு ஊசியால் குத்திக் குத்தி அது அகன்றுபோயிருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் அழுத்தம் பக்கவாட்டில் பீறிடும், பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கும் ஆபத்து. வெளியே பற்றவைக்கும் மருந்தை இடுகிற கிண்ணத்தின் மேல்விளிம்பைத் துளை ஒட்டியிருப்பது சரி. தாழ்ந்திருந்தால் கிண்ணத்து மருந்து துளையை மூடிக்கொள்ளும், நெருப்பு திரிபோல எரிந்து எரிந்து உள்ளே போகும், குதிரை, அதாவது கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி, விழுந்த சத்தம் கேட்டபின் வெடி கேட்கும். பின்னால் தள்ளியிருந்தால் குழலின் பின்முனையை மூடும் அடைப்பாணியின் முகப்பில் முட்டிக்கொண்டு மருந்தைத் தொடாது. துளையில் உள்பக்கம் குடைவான லைனர் என்ற உட்செருகல் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். யார் செய்தது என்று பெயரோடு எழுது. ஃப்ரிஸனை, அதாவது கல் உரசும் எஃகுத் தகட்டை, திறந்து வைத்து, கிண்ணத்தைச் சுத்தமாகத் துடைத்து, துளைக்கு நேர்ப்பக்கத்திலிருந்து ஒரு படம் எடு.

விசைப்பொறியைக் கழற்றி உள்பக்கத்தையும், கட்டையில் அதற்காகக் குடைந்த பள்ளத்தையும் எடு. கைவேலையின் தரம் பள்ளத்தில்தான் தெரியும். குழல் பொருந்தும் இடத்துக்கும் விசைப்பொறிப் பள்ளத்துக்கும் நடுவில் மரம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஃப்ரிஸன் முகத்தில் கல் உரசிய தடம் மெல்லிய கோடுகளாக இருந்தால் எஃகு கடினம் சரியாக இருக்கிறது. ஆழமான பள்ளங்களாக இருந்தால் எஃகு மென்மை, தீப்பொறி வராது, மறுபடி சூடேற்றிக் கடினமாக்க வேண்டியிருக்கும். இருட்டில் கல்லும் ஃப்ரிஸனும் மட்டும் வைத்துக் குதிரையைத் தட்டி, தீப்பொறி கிண்ணத்துக்குள் விழுவதைப் படமெடுத்துச் சேர். கல்லின் அகலத்தையும் சொல். முக்கால் அங்குலமா, 7/8 அங்குலமா என்று தெரிந்தால் வாங்கியவர் அன்றே கல் வாங்கிக்கொள்வார். பாதி ஏற்றிய நிலையில் விசையை நன்றாக அழுத்திப் பார். குதிரை நழுவினால் விற்பனைப் பேச்சே வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்.

கட்டையில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். குழலின் பின்முனையிலிருந்து கட்டைமேல் நீளும் வால்தகடு முடியும் இடத்துக்குப் பின்னால் மயிரிழைக் கோடு ஒன்று தெரிகிறது. மெருகின் கோடானால் கவலையில்லை. வெடிப்பானால் காரணம் பெரும்பாலும் இதுதான்: வால்தகட்டின் பின்முனை மரத்தில் இறுக முட்டுகிறது, ஒவ்வொரு உதைப்பிலும் ஆப்புபோல மரத்தைப் பிளக்கிறது. அங்கே ஒரு காகிதத் தடிமன் இடைவெளி விட்டால் நின்றுவிடும். எதுவாக இருந்தாலும் குறிப்பில் எழுதிவிடு. விசையிலிருந்து கட்டையின் அடி வரை நீளம், குதிகால் இறக்கம் (கட்டையின் பின்முனை மேல்விளிம்பு குழலின் கோட்டைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது), கட்டை எந்தப் பக்கம் சாய்வு, மொத்த எடை, இந்த நாலும் இல்லாமல் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். கெட்டிக்கும் கோல் ஹிக்கரி மரமா, முனையில் துடைப்பான் திருகும் மரை இருக்கிறதா என்பது ஒரு வரி போதும்.

‘1760 காலத்துப் பிரெஞ்சுத் துப்பாக்கி’ என்று எழுதியிருப்பதை மாற்று. ‘அந்தப் பாணியில் இப்போது செய்தது’ என்று போடு. நீ இரும்பையும் மரத்தையும் பழசாகத் தெரியும்படி மங்கவைத்திருக்கிறாய். நாலு கை மாறினால் யாரோ இதை அசல் என்று விற்பார்கள். குழலின் அடிப்பக்கத்தில் உன் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கிறாயா? இல்லையென்றால் விற்பதற்கு முன் வெட்டிவிடு.

நம்மூரில் நாட்டுத் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இங்கே அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டத்தில், கருமருந்தில் மட்டும் சுடுகிற, தோட்டா ஏற்க முடியாத வாய்வழித் துப்பாக்கி ‘ஆன்டிக்’ (பழம்பொருள்) வகையில் போய்விடுகிறது. ஆனால் மாநிலங்கள் தனித்தனி, நியூ ஜெர்சியில் கட்டுப்பாடு கடுமை. வாங்குகிறவர் எந்த மாநிலம் என்று கேட்டு, அங்குள்ள விதியைப் பார்த்தபின் பணம் வாங்கு. பெட்டியில் ஒரு சிட்டிகை மருந்துகூடப் போகக்கூடாது, தபாலில் அது தடை. அனுப்பும் அன்று கோலை உள்ளே விட்டு அளவைக் குறித்து, வெளியே குழலோடு ஒட்டிப் பிடித்து, பற்றுவாய் வரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குழல் காலி என்று உறுதிசெய். கல்லைக் கழற்றிவிடு, கோலைத் தனியாகச் சுற்று. கட்டையின் மணிக்கட்டு, அதாவது விசைக்குப் பின்னால் ஒடுங்கும் இடம்தான் முதலில் முறியும், எனவே வளையாத மரப்பெட்டியோ தடித்த பிவிசி குழாயோ வேண்டும். கையில் கிடைத்து மூன்று நாள் பார்க்க அவகாசம், பிடிக்காவிட்டால் சுடாமல் திருப்பலாம் என்று எழுது. இந்த வட்டத்தில் அது வழக்கம்.

விலைக்கு வருகிறேன். குழல், விசைப்பொறி, மரம், பித்தளை என்று வாங்கிய செலவு முழுதும் திரும்ப வரும். உழைத்த மணிநேரத்தை அப்படியே கூட்டினால் யாரும் தொடமாட்டார்கள், பெயர் பரவிய கைவினைஞருக்கே அது கிடைக்கும். செலவின்மேல் பாதியை உழைப்புக்கு வைத்துத் தொடங்கு. அவசரம் இல்லையென்றால் செப்டம்பரில் இண்டியானா ஃப்ரெண்ட்ஷிப்பில் நடக்கும் சுடுபோட்டிக்குக் கொண்டுபோ. தோளில் வைத்துப் பார்த்தவர் எழுத்தைப் படித்தவரைவிடச் சீக்கிரம் பணம் எடுப்பார்.

அந்த மயிரிழைக் கோட்டை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்